திருக்கணிதமும் வாக்கியமும்: சிந்தாமணி ரகுநாதாசாரியாரை முன்னிட்டுச் சில வரலாற்றுச் செய்திகள்

நம் சங்கத்து இல்லங்களிற் பெரும்பாலானவற்றில் பஞ்சாங்கம் ஒன்று உண்டு; சிலவற்றில் இரண்டு உண்டு. இரண்டு உள்ள இடத்தில் வழக்கும் உண்டு. தந்தையாரின் திதி செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்னும் கேள்வி எழுங்கால், தமையனார் வாக்கிய பஞ்சாங்கத்தைப் பிரித்து ஒரு நாளைக் காட்டுவார். தம்பியார் திருக்கணித பஞ்சாங்கத்தைப் பிரித்து மற்றொரு நாளைக் காட்டுவார். ஒரே தகப்பனாருக்கு ஒரே ஊரில் இரண்டு மக்கள் இரண்டு நாளில் சிராத்தம் செய்த குடும்பங்களை நாம் அறிவோம். பங்குனி மாதத்தில் மயிலை மாடவீதிகளில் இவ்விரு பஞ்சாங்கங்களும் ஒரே கடையில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விலைபோகின்றன; வாங்குவோரிற் பலர் இரண்டிற்கும் வேற்றுமை யாது என்று கேட்பதில்லை.

கேட்பவர்க்குக் கிடைக்கும் விடையும் பெரும்பாலும் இரண்டே. வாக்கியம் நம் முன்னோர் ஞானத்தாற் கண்டது, திருக்கணிதமோ வெள்ளையர் அட்டவணையைப் பார்த்து எழுதியது என்பர் ஒரு சாரார். திருக்கணிதமே விஞ்ஞானம், வாக்கியம் ஏட்டுச் சுரைக்காய் என்பர் மறு சாரார். சரித்திரத்தை ஊன்றி நோக்கின் இவ்விரண்டும் பொருந்தா. சுதேசி என்று போற்றப்படும் வாக்கியத்திற்கு அயல்நாட்டுச் சுற்றம் உண்டு. விதேசி என்று தூற்றப்படும் திருக்கணிதத்திற்கு இந்நாட்டுப் பாட்டனார் உண்டு. இவ்விரண்டும் நேருக்கு நேர் சந்தித்த இடம் நம் தியாகராய நகருக்கு அணித்தாயுள்ள நுங்கம்பாக்கம். சந்தித்த ஆள் சிந்தாமணி ரகுநாதாசாரியார். அவர் வரலாற்றை முன்னிட்டு இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதற்கண் வாக்கியம் என்பது யாது? சந்திரன் வானத்தில் ஒரே வேகமாக நடப்பதில்லை. பூமிக்கு அண்மையில் வருங்கால் விரைந்தும், சேய்மையிற் செல்லுங்கால் மெல்லவும் நடக்கின்றான். இவ்விரைவும் மெலிவும் ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 27½ நாள் ஆகின்றது. நாள் முழுமையாக வாராமையால் கணக்கனுக்கு இடர்ப்பாடு. ஆயின் அத்தகைய சுற்று ஒன்பது சேர்ந்தால் 248 நாளுக்கு மிக நெருங்கி வருகின்றது. ஆகவே 248 நாளுக்கு நாளொன்றுக்கு ஒன்றாகச் சந்திரனின் நிலையை ஒருமுறை கணித்து வைத்துக்கொண்டால், 249-ம் நாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். சிறு வழு சேர்ந்துகொண்டே போகுமாதலின், அதனை நீக்க 110 சுற்றுக்கு 3,031 நாள் என்றும், 449 சுற்றுக்கு 12,372 நாள் என்றும் பெரிய வட்டங்களையும் முன்னோர் வைத்தனர். கலியுக நாள் எண்ணிக்கையை எடுத்து, இப்பெரிய வட்டங்களால் முறையே வகுத்து, எஞ்சிய நாளுக்குரிய எண்ணைப் பார்த்தால் அன்றைய சந்திரன் கிடைத்துவிடுவான்.

அந்த 248 எண்களையும் மனத்தில் இருத்துவது எப்படி? இங்கேதான் நம் நாட்டார் சாதுரியம் விளங்குகின்றது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, எண்களைச் சொற்களாக்கிச் சொற்களைச் சிறு சிறு வாக்கியங்களாக்கினர். கடபயாதி என்பது அம்முறையின் பெயர். ‘ஜய’ என்னும் சொல்லில் ஜ என்பது 8, ய என்பது 1. வலமிருந்து இடமாகப் படிக்க 18 ஆகும். ‘கமல’ என்பது அவ்வாறே 351 ஆகும். இங்ஙனம் அமைந்த 248 சிறு வாக்கியங்களை வரருசி இயற்றியதாகக் கூறுவது மரபு. வாக்கிய பஞ்சாங்கம் என்னும் பெயர் வந்த வழி இதுவே. ஓலையும் எழுத்தாணியும் இன்றியே ஒருவன் திண்ணையில் உட்கார்ந்து கிரகணத்தைக் கணித்துவிடலாம்.

கணித்தும் இருக்கின்றனர். பிரெஞ்சு தேசத்து வான சாஸ்திரியான லெ ஜாந்தி என்பவர், சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடந்து செல்வதைக் காணும் பொருட்டு 1760-ம் ஆண்டில் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். அவர் வந்து சேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1761-ல் நிகழ்ந்த அக்காட்சியை ஆடும் கப்பலிலிருந்து பார்க்க நேர்ந்தமையால் அளவு ஒன்றும் எடுக்க இயலவில்லை. எட்டாண்டு கீழ்த்திசையிலேயே தங்கி 1769-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் புதுச்சேரியில் கருவிகளை வைத்துக் காத்திருந்தார். அந்நேரம் பார்த்து மேகம் மறைத்துவிட்டது. 1771-ல் ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாகவே எண்ணப்பட்டிருந்தார். இத்துணை துரதிருஷ்டத்திலும் அவருக்கு ஒரு லாபம் கிட்டியது. புதுச்சேரியில் தமிழ்க் கணிதர்களிடம் அவர்கள் முறையைக் கற்றார். 1765-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30-ந் தேதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழர் முறைப்படி கணித்ததில் 41 வினாடி குறைந்து வந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் மிகச் சிறந்ததென மதிக்கப்பெற்ற டோபியாஸ் மாயரின் அட்டவணைப்படி 68 வினாடி கூடி வந்தது. அவர் வியந்ததில் வியப்பில்லை.

இரண்டாவது சான்று ஜான் வாரன் என்பவருடையது. இவர் பிறப்பாற் பிரெஞ்சுக்காரர். ஆங்கிலேயர் சேனையிற் பணிபுரிந்தவர். கோலார்ப் பொன்வயலைப் பற்றி முதலில் அறிவித்தவரும் இவரே. 1805 முதல் சில ஆண்டுகள் நுங்கம்பாக்கத்து வான சாஸ்திரசாலையின் பொறுப்பையும் வகித்தவர். இந்நாட்டுக் கால கணிதத்தைப் பற்றி அவர் எழுதிய ‘கால சங்கலிதம்’ என்னும் பெருநூல் 1825-ல் சென்னைக் கல்லூரி அச்சகத்தில் வெளியாயிற்று. (அக்கல்லூரி இருந்தமையாலேதான் நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலைக்கு இன்றும் அப்பெயர். தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று எல்லிஸ் துரை 1816-ல் நிறுவியதும் அக்கல்லூரியின் தொடர்பாலேயே.) புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர் தரையிற் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான சொற்களைக் கொண்டே 1825-ம் ஆண்டு மே மாத இறுதியில் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வாரன் நேரிற் கண்டு எழுதினார். அவர் எழுதிய பெயர் ‘சாமி நாடன் சாஷியா’ என்பது. சாமிநாத சேஷய்யா என்பது அங்ஙனம் திரிந்ததோ என்று நாம் கருதுகின்றோம். கணக்கு எப்படி வந்தது? ஸ்பரிச காலத்தில் 4 நிமிஷமும், மத்திய காலத்தில் 23 நிமிஷமும், மோக்ஷ காலத்தில் 52 நிமிஷமும் வேறுபட்டது. சோழியும் ஞாபகமும் தவிர வேறு கருவி இல்லாத ஒருவருக்கு இது சிறுமையன்று.

ஆயினும் வாரன் மற்றொன்றையும் மறையாது எழுதியுள்ளார். அப்பெரியவருக்கு ஞாபகசக்தி அபாரம். ஆனால் தாம் செய்யும் கணக்கு ஏன் அப்படி வருகின்றது என்னும் தத்துவத்தில் ஒரு சொல்லும் தெரியாது. இது நமக்குச் சற்று மனவருத்தம் தருவதே எனினும் உண்மையை நோக்குதல் வேண்டும். சாஸ்திரம் மனப்பாடமாயிற்று, மனப்பாடம் பிழைக்காமையால் சாஸ்திரம் பிழைத்தது, காரணம் மட்டும் எங்கோ வழியில் உதிர்ந்துவிட்டது. காரணம் அறியாதவன் கணக்குப் பிசகினால் எங்கே திருத்துவான்?

இனி, வாக்கியத்தின் அயல்நாட்டுச் சுற்றம் என்றோமே, அதனைக் கூறுவோம். 1952-ம் ஆண்டில் ஓட்டோ நொய்கெபவர் என்னும் சரித்திர அறிஞர் ‘தமிழ் வான சாஸ்திரம்’ என்னும் பொருள்படும் கட்டுரை ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். வாரன் எழுதிவைத்த புதுச்சேரிக் கணிதரின் வழியைப் பரிசோதித்த அவர், அந்த 248 நாள் வட்டம் பாபிலோனியரின் களிமண் பலகைகளிலும், கிரேக்க மொழிப் பாப்பிரஸ் ஏடுகளிலும் உள்ளதைக் காட்டினார். நம் வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் தொகுத்த ‘பஞ்ச சித்தாந்திகை’யில் 248-ம் 3,031-ம் வருகின்றன. மேற்கே மறைந்தொழிந்த ஒரு வழி, புதுச்சேரித் திண்ணை ஒன்றில் 1825 வரையில் உயிரோடு இருந்தது என்பது அவர் துணிபு. எவ்வழியாக வந்தது, யார் யாரிடம் கற்றனர் என்பதில் அறிஞர் வேறுபடலாம். எழுத்தெண் வாக்கியங்களாக அதனைத் தொகுத்துப் பன்னூறு ஆண்டு வழுவாது காத்த பெருமை தென்னாட்டாருடையதே. ஆனால் ‘அயலாரிடமிருந்து ஒன்றும் கொள்ளாதது வாக்கியம்’ என்று இனி ஒருவர் சொல்ல இடமில்லை.

இவ்விடத்தில் அன்பர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். கிரகணத்தை வினாடிக் கணக்கில் சொல்லிய முறை திதியில் மட்டும் ஏன் பிசக வேண்டும்? இது நியாயமான கேள்வி. இதன் விடையை அறிந்தவர் நம்மிற் சிலரே ஆதலின் விளக்கிக் கூறுவோம். சந்திரனுடைய நடையை மேற்சொன்ன விரைவு மெலிவு மட்டுமன்றிச் சூரியனுடைய ஈர்ப்பும் மாற்றுகின்றது. முதல் வேறுபாடு மிகுதியாகப் போனால் 6¼ பாகை. இரண்டாவது 1¼ பாகை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் முதலிலிருந்து இரண்டாவது கழிந்து 5 பாகை நிற்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் கூடி 7½ பாகை ஆகும். நம் பழைய சித்தாந்திகள் சந்திரனைச் சோதித்தது கிரகணத்தைக் கொண்டு. கிரகணமோ அமாவாசையிலும் பௌர்ணமியிலுமே வரும். ஆகவே அவர்கள் கொண்ட எண் ஏறக்குறைய 5 பாகை. அது கிரகணத்திற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அதே எண்ணை அஷ்டமிக்கும் வைத்தால் 2½ பாகை குறையும். சூரியனைவிடச் சந்திரன் நாளொன்றுக்குச் சுமார் 12 பாகை, மணிக்கு அரைப் பாகை முந்துகின்றான். 12 பாகை முந்தினால் ஒரு திதி. ஆகவே 2½ பாகைக்கு 5 மணி நேரம். பஞ்சாங்கத் திதி அவ்வளவு முன்னோ பின்னோ போய்விடும்.

5 மணி நேரம் என்பது சிறிதன்று. பகல் 12 மணி நேரத்தை ஐந்தாகப் பகுத்தால் நான்காவது பகுதி அபராஹ்ணம். சூரியோதயம் 6 மணியாயின் அது 1 மணி 12 நிமிஷத்திலிருந்து 3 மணி 36 நிமிஷம் வரை. சிராத்தத்திற்கு அபராஹ்ணத்தில் திதி இருத்தல் வேண்டும் என்பது விதி. ஒரு பஞ்சாங்கத்தில் அஷ்டமி பகல் 11 மணிக்கு முடிந்து, மற்றொன்றில் மாலை 4 மணிக்கு முடிந்தால், முன்னதன்படி சிராத்தம் முதல் நாளுக்குப் போகும். பின்னதன்படி அன்றைக்கே நிற்கும். தமையனாரும் தம்பியாரும் வேறுபட்டதன் காரணம் பிடிவாதம் அன்று. சந்திரனுடைய இந்த இரண்டாவது வேறுபாடே. வருஷாப்திகத் திதி அமாவாசையாக இருந்திருப்பின் அவர்களுக்குள் வழக்கு வருவது அரிது.

இந்த இரண்டாவது வேறுபாட்டைக் கிரேக்கரான டாலமி இரண்டாம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். நம் நாட்டில் முஞ்சாலர் என்பவர் 932-ல் இயற்றிய ‘லகுமானஸ’த்தில் அதற்கு ஒரு திருத்தம் கூறியுள்ளார். கூறியும் வாக்கியத்தில் அது ஏறவில்லை.

இனி நுங்கம்பாக்கத்திற்கு வருவோம். வில்லியம் பெட்ரி என்னும் கம்பெனி உத்தியோகஸ்தர் 1786-ம் ஆண்டை ஒட்டி எழும்பூரில் தம் சொந்தச் செலவில் வைத்திருந்த வான சாஸ்திரசாலையைக் கம்பெனியார் ஏற்று, 1792-ல் மைக்கேல் டாப்பிங் என்பவரைக் கொண்டு நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பினர். கருவியைத் தாங்க நிறுத்திய 15 அடி உயரக் கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலையில் வானிலை ஆராய்ச்சி மைய வளாகத்தில் நிற்கின்றது. அதில் லத்தீன் மொழியோடு தமிழிலும் தெலுங்கிலும் ஹிந்துஸ்தானியிலும் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கணித சாஸ்திரம் ஆங்கிலேயர் தயாளத்தால் ஆசியாவில் முதன்முதல் நாட்டப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோரும் அறிதற்பொருட்டே அவை பொறிக்கப்பட்டனவாம்! புதுச்சேரித் தமிழரிடம் லெ ஜாந்தி கணக்குக் கற்றுச் சென்று கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. இதனைப் படித்து நகைப்பதா வருந்துவதா என்பதை அன்பர்கள் விருப்பத்திற்கு விடுகின்றோம்.

ஆனால் அத்தூணைச் சுற்றி நடந்த வேலை பெரிது என்பதை மறுக்கலாகாது. கோல்டிங்ஹாம் 1802-ல் இவ்விடத்துத் தீர்க்க ரேகையை நிருணயித்தார். அதனால் எழுந்த சென்னை நேரம், கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 வினாடி முந்தியது, 1906-ல் இந்தியப் பொது நேரம் வரும் வரையில் ரயில் வண்டிகளை நடத்தியது. (இன்றைய கடிகாரம் நம் ஊர்ச் சூரியனைவிடச் சுமார் 9 நிமிஷம் முந்திச் செல்வது இதனாலேயே, நாழிகை பார்ப்போர் இதனைக் கழித்துக்கொள்வது நலம்.) அவரே கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடிக்கும் பீரங்கி ஓசையைக் கேட்டு ஒலியின் வேகத்தை அளந்தார். பின்னர் டெய்லர் என்பவர் 11,000-க்கு மேற்பட்ட நக்ஷத்திரங்களின் அட்டவணையை 1844-ல் வெளியிட்டார். 1861-ல் நார்மன் போக்ஸன் தலைமைப் பதவிக்கு வந்து, அவ்வாண்டே சிறுகோள் ஒன்றைக் கண்டு அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். அவர் 1891-ல் இறக்கும் வரையில் அப்பதவியில் இருந்தார்.

அப்போக்ஸனுக்குத் துணையாக, முதல் உதவியாளராக விளங்கியவரே சிந்தாமணி ரகுநாதாசாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் மரபையும் மேனாட்டுத் தூரதிருஷ்டிக் கண்ணாடியையும் ஒருங்கே அறிந்தவர். பகலில் கணக்கும் இரவில் நோக்குமாக அவர் உழைத்த உழைப்பு, சென்னை நக்ஷத்திர அட்டவணைகளில் எண்களாகப் படிந்து கிடக்கின்றது. எண்ணுக்குப் பெயர் ஏது? ஆயினும் ஒன்று அவர் பெயரோடு நின்றது. 1867-ல் தென்வானத்தில் ரெட்டிகுலம் என்னும் கூட்டத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை அவர் கண்டறிந்தார். ஏறக்குறைய ஒன்பது மாதத்திற்கு ஒருமுறை மங்கியும் ஒளிர்ந்தும் வருவது அது. தூரதிருஷ்டிக் கண்ணாடி கொண்டு இந்தியர் ஒருவர் கண்ட முதற் புது விஷயம் இதுவே என்று வான சாஸ்திர சரித்திரம் எழுதுவோர் கூறுவர். 1868-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18-ந் தேதி பூர்ண சூரிய கிரகணத்தின்போது, போக்ஸன் மசூலிப்பட்டினத்திலும், பிரெஞ்சுக்காரரான ஜான்ஸன் குண்டூரிலும் நோக்கினர்; நைஜாம் ராஜ்யத்து வனபர்த்திக்குச் சென்ற கூட்டத்தை நடத்தியவர் நம் ஆசாரியார். பிற்காலத்தில் ஹீலியம் என்று பெயர் பெற்ற வாயுவின் மஞ்சட்கோடு முதன்முதல் மனிதர் கண்ணுக்குப் பட்டது அக்கிரகணத்திலேதான். 1872-ல் லண்டன் ராயல் வான சாஸ்திர சங்கத்தார் அவரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தனர்.

இவ்வளவோடு அவர் நின்றிருந்தால், நல்ல உத்தியோகஸ்தர் என்று சொல்லி முடித்துவிடலாம். நம் கருத்தைக் கவர்வது அவர் வெளியே செய்த வேலை. 1874-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ந் தேதி சுக்கிரன் மீண்டும் சூரியனைக் கடக்க இருந்தது; லெ ஜாந்தி ஏமாந்த அதே காட்சி, 105 ஆண்டுக்குப் பின். ‘சுக்கிர கிரஸ்த சூரிய கிரகணம்’ என்னும் சிறு நூலை அவர் எழுதி, ஆங்கிலத்தில் மட்டுமன்றி இந்நாட்டு மொழிகள் பலவற்றிலும் வெளிவரச் செய்தார். தலைப்பைக் கவனிக்க. சுக்கிரனால் கிரசிக்கப்பட்ட சூரியனின் கிரகணம்! மேனாட்டார் புதிதென்று கொண்டாடிய நிகழ்ச்சியை நம் கிரகண சாஸ்திரத்தின் சொல்லிலேயே வைத்து, பஞ்சாங்கம் அறிந்த எவரும் விளங்கிக்கொள்ளுமாறு செய்துவிட்டார். சூரியன் பூமியிலிருந்து எத்துணைத் தொலைவில் உள்ளான் என்பதை அறிய உலகெங்கும் அறிஞர் திரண்டெழுந்த ஆண்டு அது. அவ்வறிவு சாலைக்குள் அடைபட்டுக் கிடத்தலாகாது, திண்ணைக்கும் வருதல் வேண்டும் என்பதே அவர் எண்ணமாயிருத்தல் வேண்டும்.

இரண்டாவது வேலை இன்னும் கடினமானது. திருக் என்பது வடமொழியில் கண், காட்சி. கண்ணுக்குத் தோன்றுவதோடு ஒத்த கணிதம் திருக்கணிதம். வாக்கியக் கணிதம் வானத்தோடு ஒவ்வாமையை இரவுதோறும் கண்ணாடி வழியே கண்டவர் சும்மா இருக்கவில்லை. கப்பலோட்டிகளுக்காக லண்டனில் வெளியாகும் நாவிக பஞ்சாங்கத்தின் கிரக நிலைகளைக் கொண்டு, நம் முறைப்படி திதி, நக்ஷத்திரம், யோகம், கரணம் அமைத்துத் திருக்கணித பஞ்சாங்கம் வெளியிட்டார். யாவரும் அதனை ஏற்றாரல்லர். ஆலயங்களும் புரோகிதர்களிற் பலரும் வாக்கியத்தையே பிடித்து நின்றனர். அவர்கள் கூற்றிலும் ஒரு நியாயம் உண்டு. சடங்கு என்பது பலர் கூடிச் செய்வது. நாள் பிறழ்ந்தால் கூட்டம் பிரியும். பிழையாயினும் எல்லோர்க்கும் ஒரே பிழையாயிருத்தல் நலம் என்று எண்ணுவது மூடத்தனமன்று. 1880-ம் ஆண்டில் ஆசாரியார் காலமானார். அவர் மகனார் அப்பஞ்சாங்கத்தைத் தொடர்ந்து நடத்தினார். 1899-ல் வான சாஸ்திர வேலை முழுதும் கோடைக்கானல் மலைக்கு மாற்றப்பட்டது. நுங்கம்பாக்கத்தில் தூண் நின்றது.

லண்டன் எண்களைக் கொண்டு நம் திதியை அமைத்தது சாஸ்திர விரோதம் ஆகாதா? இங்கேதான் திருக்கணிதத்தின் பாட்டனாரைக் காணவேண்டும். மலையாள நாட்டில் 683-ல் ஹரிதத்தர் பழைய ஆரியபடீயக் கணிதத்தைத் திருத்திப் பரஹிதம் என்னும் முறையை ஏற்படுத்தினார். ஏழரை நூற்றாண்டு சென்றபின் அதுவும் வானத்தோடு ஒவ்வாது போயிற்று. ஆலத்தூர்ப் பரமேசுவரர் என்பார் ஐம்பத்தைந்து ஆண்டுக் காலம் கிரகணங்களையும் கிரகங்களையும் நேரில் நோக்கி, 1431-ல் வேறொரு கணிதத்தை இயற்றினார். அந்நூலின் பெயர் யாதோ எனின், ‘திருக்கணிதம்’! பரங்கியர் இந்நாட்டுக் கரையை மிதிக்க 67 ஆண்டுக்கு முன்பே அப்பெயரும் அம்முறையும் நம்மிடம் இருந்தன. அவர் வழிவந்த நீலகண்ட சோமயாஜி ‘ஜ்யோதிர் மீமாம்ஸை’ என்னும் நூலில் இதனை ஒரு தர்க்கமாகவே எடுத்து வாதிக்கின்றார். சித்தாந்தங்கள் ஒன்றோடொன்று முரணுகின்றனவே, எதனைக் கொள்வது என்பதற்கு அவர் விடை: ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்திற் சரியாக இருந்தது, இன்று எது சரி என்பதைப் பிரத்தியக்ஷத்தாலும் அனுமானத்தாலும் தேர்க, எதுவும் ஒவ்வாதாயின் புதிது செய்க. ஜோதிஷத்தில் கண்ணே பிரமாணம் என்பது மேனாட்டார் நமக்குப் போதித்ததன்று. ரகுநாதாசாரியார் கையில் இருந்த கண்ணாடி புதிது, கொள்கை பழையது.

அவர் காலத்திலேயே ஒரிஸா நாட்டுக் கண்டபாராவில் சந்திரசேகர சாமந்தர் (1835–1904) என்னும் பெரியார் இருந்தார். ஆங்கிலம் அறியார், கண்ணாடி இல்லை, மரத்துண்டும் மூங்கிலும் கொண்டு தாமே செய்த கருவிகளால் நோக்கி, நாம் மேலே கூறிய இரண்டாவது வேறுபாட்டையும், அதற்கு மேலும் இரண்டையும் சந்திரனிடம் கண்டுபிடித்தார். அவருடைய ‘சித்தாந்த தர்ப்பணம்’ 1899-ல் அச்சேறியது. பூரி ஜகந்நாதர் ஆலயத்தில் அவர் கணிதத்தை ஒட்டியே விழாக்கள் நிருணயிக்கப்படுகின்றன. அங்கே ஆலயம் திருத்தத்தை ஏற்றது, இங்கே ஏற்கவில்லை. சாமந்தரின் எண்கள் லண்டனிலிருந்து வரவில்லை என்பதே இவ்வேற்றுமைக்குப் பெருங்காரணம் என்பது நம் அபிப்பிராயம். ஒரே உண்மை, மரக்கருவி வழியே வந்தபோது சாஸ்திரமாயிற்று. கண்ணாடி வழியே வந்தபோது கலப்பாயிற்று.

சுதந்திரத்திற்குப் பின் 1952-ல் இந்திய அரசினர் மேகநாத சாஹாவின் தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தனர். 1955-ல் அறிக்கை வெளியாயிற்று. 1957-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ந் தேதி முதல் தேசியப் பஞ்சாங்கம் நடைமுறைக்கு வந்தது. அரசாங்கத்தார் வெளியிடும் ராஷ்டிரீய பஞ்சாங்கம் திருக்கணிதமே. திருக்கணிதம் பார்ப்போர் இதனால் வெற்றி பெற்றோம் என்று இறுமாத்தல் வேண்டா. நாம் தை முதல் நாளை உத்தராயணம் என்கின்றோம். வானத்தில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் மாதம் 21 அல்லது 22-ந் தேதி. நடுவே சுமார் 23 நாள். சூரிய சித்தாந்த வருஷம் பருவ வருஷத்தைவிடச் சற்று நீண்டது. சுமார் 60 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நம் மாதங்கள் பருவத்தை விட்டு நழுவுகின்றன. சாஹா குழுவினர் இதனை எடுத்துக் காட்டியும், நம்மூர்த் திருக்கணித பஞ்சாங்கங்களும் இவ்விஷயத்தில் வாக்கியத்தோடு கைகோத்தே நடக்கின்றன. கண்ணே பிரமாணம் என்றவர்கள் இங்கே கண்ணை மூடிக்கொண்டனர். காரணம் அதே, பொங்கலை மார்கழிக்கு மாற்ற யாருக்கு மனம் வரும்?

சனிப்பெயர்ச்சியில் இவ்வழக்கு இக்காலத்தில் ஊரறிய வெளிப்படுகின்றது. சனி கும்ப ராசிக்குள் பிரவேசித்தது திருக்கணிதப்படி 2023-ம் ஆண்டு ஜனவரி மாதம் 17-ந் தேதி. வாக்கியப்படி அவ்வாண்டு டிசம்பர் மாதம் 20-ந் தேதி. பதினொரு மாத வேற்றுமை! சனி ஒரு ராசியைக் கடக்க இரண்டரை ஆண்டு ஆகுமாதலின், அவன் நிலையில் சில பாகைப் பிழை நேர்ந்தாலும் நாள் மாதக் கணக்கில் விரிந்துவிடுகின்றது. திருநள்ளாற்றில் விழா டிசம்பரில் நடந்தது. மீண்டும் 2025-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 29-ந் தேதி திருக்கணிதப் பெயர்ச்சி வந்தபோது, வாக்கியப்படி அன்று பெயர்ச்சி இல்லை, 2026-ல்தான் என்று ஆலயத்தார் அறிவிக்க நேர்ந்தது. கோட்டூர்புரத்துப் பிர்லா கோளரங்கத்துக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், அன்றைய சனி எங்கே இருந்தான் என்று அங்கே கேட்டால், கிடைக்கும் விடை எப்பஞ்சாங்கத்தோடு ஒக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆலயத்தில் எந்நாளில் விளக்கேற்றுவது என்பது வேறு கேள்வி. அதனை ஆலய வழக்கம் தீர்க்கட்டும். சனி எங்கே உள்ளான் என்னும் கேள்விக்கு வானம் ஒன்றே விடை.

இனி நம் இல்லங்களுக்குரிய ஒரு செய்தி. எப்பஞ்சாங்கத்தைக் கொள்வது என்பதை ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் பெரியோரையும் புரோகிதரையும் கலந்து, சகோதரர் அனைவரும் ஒருமுகமாகத் தீர்மானித்துக்கொள்வது நலம். திதி குறித்தபோது எதனைப் பார்த்தனரோ அதனையே பின்னும் பார்த்தல் வேண்டும். ஒன்றில் குறித்து மற்றொன்றில் தேடுவதே பெரும்பாலான வழக்குகளுக்கு மூலம். குடும்பத்தில் பெரியோர் காலகதி அடைந்தால் திதியை மட்டும் குறித்து வைக்கின்றோம். அது போதாது. ஆங்கிலத் தேதியையும், மணி நிமிஷத்தையும், ஊரையும், பார்த்த பஞ்சாங்கத்தின் பெயரையும் கூடவே எழுதி வைக்கவேண்டும். சந்திரனின் நிலை எந்நாளைக்கும் பின்னோக்கிக் கணிக்கத்தக்கதாதலின், நேரம் தெரிந்தால் வாக்கியத் திதி, திருக்கணிதத் திதி இரண்டையும் எக்காலத்தும் எடுத்துக்கொள்ளலாம். திதி மட்டும் தெரிந்தால் நேரத்தை மீட்க வழியில்லை.